பயந்தவன் ஒப்பம் செல்லாது

தலைமையாசிரியர் வளையத்துக்குள் விரலை விட்டதுதான் தாமதம், மஞ்சள் விளக்கு எரிந்துவிட்டது. வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர்களில் பாதிப்பேர் ஒரு காலத்தில் அவரிடம் பிரம்படி வாங்கியவர்கள். "சார், ஒங்களுக்குமா?" என்று யாரோ கேட்டுத் தொலைத்தார்கள். மனுஷன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு கூடாரத்தை விட்டு வெளியே போனார். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டார் என்று கேள்வி.

மதிவதனி கூடாரத்துக்குள் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்கூட்டியே தேர்தல் கேட்டு இந்தத் தொகுதியில் மனுவை முன்மொழிந்தவளே அவள்தான். ஆவாரங்குளத்துப் பொட்டல் முழுக்கப் பரப்பி வைத்திருக்கும் சூரியத் தகடுகளைத் துடைக்கிற பெண்களுக்கு அவள் மேஸ்திரி. காலையில் தகடு, மத்தியானத்துக்கு மேல் மனுக் கூடாரம் என்று அவளுடைய பொழுது ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாற்பது எம்.எல்.ஏ.க்கள் ஒரே பஸ்ஸில் ஏறி எதிர்க்கட்சியின் சொகுசு விடுதியில் போய் இறங்கினார்கள். ஜனங்கள் மறுநாள் எழுந்து பல் விளக்குவதற்குள் ஆட்சி மாறிவிட்டது. யாரைத் தோற்கடிக்க வேண்டும் என்று வெயிலில் நின்று ஓட்டுப் போட்டார்களோ, அவரே இப்போது முதலமைச்சர். அந்த நாற்பது பேரில் ஆவாரங்குளம் எம்.எல்.ஏ. இளமாறனும் ஒருவர். இளமாறன் மதிவதனியின் கூடப்பிறந்த அண்ணன்.

தேர்தலில் அவருக்காக வீடுவீடாக ஏறி இறங்கியவள் மதிவதனிதான். "எங்கண்ணனை நம்பிப் போடுங்க, நான் பொறுப்பு" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லியிருந்தாள். இப்போது அதே வீடுகள் அவளைக் கூப்பிட்டுக் கேட்டன. "பொறுப்புன்னியே மதி, எங்க ஓட்டு இப்ப எங்க இருக்கு?" பதிலுக்கு அவள் மனுவை எடுத்தாள்.

மக்கள் கேட்டால் முன்கூட்டியே தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மாநிலத்தில் பாதித் தொகுதிகளில், தொகுதிக்குப் பாதிப்பேர் கையொப்பம் இட்டால் போதும். முன்னொரு காலத்தில் கட்சிக்காரர்கள் ஆட்களை லாரியில் அள்ளிக்கொண்டு வந்து, பிரியாணி பாதி மிரட்டல் பாதியாகக் கையெழுத்து வாங்கினார்கள். அதைத் தடுக்கத்தான் இந்த மெய்யொப்ப வளையம் வந்தது. விரலை உள்ளே விட்டு மனு வாசகத்தைச் சொல்ல வேண்டும். மனதாரச் சொன்னால் பச்சை. வற்புறுத்தலுக்காகச் சொன்னால் மஞ்சள், செல்லாது. ஒருவருக்கு இரண்டு வாய்ப்பு. நல்லவர்கள் நாலுபேர் உட்கார்ந்து நல்லெண்ணத்தோடு யோசித்துச் செய்த கருவி.

அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. பயமும் வற்புறுத்தலும் வளையத்துக்கு ஒன்றுதான். புதிய அரசாங்கத்துக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. யாரையும் அடிக்க வேண்டாம், தடுக்க வேண்டாம். கூடாரத்துக்கு எதிரே இரண்டு போலீஸ் வேனை நிறுத்தி, வரிசையில் நிற்கிறவர்களைச் சும்மா படம் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். அப்புறம் எரிவதெல்லாம் மஞ்சள்தான்.

"இது என்ன நியாயம் மேடம்?" என்று மதிவதனி ஒருநாள் ஆஃப்ரினிடம் சண்டைக்குப் போனாள். ஆஃப்ரின் தேர்தல் ஆணையம் அனுப்பிய அலுவலர். முப்பது வயதிருக்கும். விதியைத் தாண்டி ஒரு வார்த்தை பேச மாட்டாள், ஆனால் முகத்தை மறைக்கத் தெரியாது.

"வளையம் விரல் நுனியை மட்டுந்தான் பாக்குதுக்கா. பயந்தா ரத்தம் விரல்ல இருந்து உள்ள ஓடிடும். விரல் சில்லுன்னு ஆயிடும், வேர்க்கும். கழுத்துல கத்தி வச்சு யாரோ இழுத்துட்டு வந்திருக்காங்கன்னு அது முடிவு பண்ணிக்குது."

"கத்தி வச்சவன்தான் எதுத்தாப்ல வேன்ல உக்காந்து டீ குடிக்கிறானே. அது ஏன் இதுக்குத் தெரியல?"

"அதுக்குக் கண்ணு வைக்கலக்கா" என்றாள் ஆஃப்ரின்.

ஊர் தன்னால் ஆன வைத்தியத்தையெல்லாம் செய்து பார்த்தது. மருந்துக்கடையில் படபடப்பு மாத்திரை தீர்ந்துபோயிற்று. மாத்திரை போட்டவர்களை வளையம் கண்டுபிடித்து "மருந்தின் பாதிப்பில் உள்ளார்" என்று திருப்பி அனுப்பியது. இரண்டு பேர் தைரியத்துக்குக் குடித்துவிட்டு வந்தார்கள். அவர்களுக்குத் தைரியம் நிறையவே வந்தது, வாசகம்தான் வாயில் வரவில்லை. கன்னிமார் கோயில் திருநீற்றை விரலில் பூசிக்கொண்டு வந்தவரிடம் ஆஃப்ரின் ஈரத்துணியைக் கொடுத்து, துடைத்துவிட்டு வரச் சொன்னாள்.

சிரிக்கத்தக்க கதை இதோடு முடிந்திருந்தால் தேவலை. மனசுக்குள் ஒளித்து வைத்திருந்த பயத்தை ஊர் பார்க்க விளக்கு வைத்துக் காட்டினால் என்ன ஆகும்? "போடா மஞ்சளு" என்பது வசவாகிவிட்டது. நிச்சயம் செய்த ஒரு கல்யாணம், மாப்பிள்ளைக்கு மஞ்சள் எரிந்தது என்று நின்றுபோனது. பெண்ணைப் பெற்றவர் தன் விரலை வளையத்துக்குள் ஏன் விடவே இல்லை என்று யாரும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும்விட ஊர் அதிகமாகப் பேசியது மதிவதனியைப் பற்றித்தான். முதல் நாளே, முதல் ஆளாக, அவள் விரல் வைத்தாள். மஞ்சள். போலீஸ் லத்தியைப் பிடித்து நிறுத்தியவள், காண்ட்ராக்டர் சட்டையைப் பிடித்துக் கூலி வாங்கியவள், அவளுக்கே மஞ்சள். முன்மொழிந்தவரின் ஒப்பம் இல்லாவிட்டால் ஊரே பச்சையாக எரிந்தாலும் மனு குப்பைக்குத்தான் போகும். அவளுக்கு மிச்சம் இருந்தது இன்னும் ஒரே வாய்ப்பு. அதைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

"ரத்தம்னா சும்மாவா? அண்ணங்காரனோட உள்ளுக்குள்ள பேசி முடிச்சிருப்பா" என்று டீக்கடையில் பேசியது அவள் காதுக்கும் வந்தது.

நிலைமையைப் புரட்டிப் போட்டவள் பூக்கடை தர்ஷினி. அவளுக்கும் முதல் வாய்ப்பு மஞ்சளில் போயிருந்தது. இரண்டாவது முறை வரிசையில் நிற்கும்போது ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் வந்து அவள் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டிப் படம் எடுத்தார். தர்ஷினிக்கு எங்கிருந்துதான் வந்ததோ. குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினாள்.

"எங்க ஓட்டை வாங்கிட்டு ஓடிப்போனவனுக்கும், அவனை வெல பேசி வாங்குனவனுக்கும் இந்த மண்ணுதான்டா! நீங்க வெளங்குவீங்களா? ஒங்க நாற்காலி நெலைக்குமா? நாசமாப் போக!"

மண்ணைத் தூற்றிய சூட்டோடு இடது கை விரலை வளையத்துக்குள் விட்டு வாசகத்தையும் கத்தினாள். பச்சை எரிந்தது. கூடாரமே குலவையிட்டது.

ஆஃப்ரின் கருவியின் திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "கோபம் வந்தா ரத்தம் விரலுக்கு ஓடி வரும். விரல் கொதிக்கும். கோபத்தை வற்புறுத்தல்னு சட்டத்துல எழுதல" என்றாள். அவள் முகம் வழக்கம்போல அவளைக் காட்டிக்கொடுத்தது.

அதற்கப்புறம் பெண்கள் வரிசை கட்டி வந்தார்கள். ஒரு கையில் மண், மறு கை விரல் வளையத்தில். ஆம்பளைகளுக்கு மண் தூற்றிச் சபித்துப் பழக்கமில்லை. முதலில் கூச்சப்பட்டார்கள், அப்புறம் பொண்டாட்டிமார் சொல்லிக்கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் மறுநாள் காலையில் கூடாரத்தைச் சுற்றிலும் பச்சைக் கம்பளம் விரித்துவிட்டார். தரையில் ஒரு சிட்டிகை மண் கிடைக்கவில்லை. பெண்கள் வீட்டுக்குப் போய் டிபன் பாக்ஸில் மண்ணை அடைத்துக்கொண்டு வந்தார்கள்.

"டப்பாவுல என்னம்மா?"

"மண்ணு சார். எங்க ஊரு மண்ணு. வேணும்னா கேஸ் போடுங்க."

கடைசி நாள் மத்தியானம் ஆவாரங்குளம் பாதியைத் தாண்டிவிட்டது. இனி வேண்டியது மதிவதனியின் விரல் ஒன்றுதான். மற்ற தொகுதிகளின் கணக்கும் ஏறக்குறைய முடிந்து, பாதிக்கு இன்னும் ஒரு தொகுதிதான் குறைந்ததால், இங்கே என்ன ஆகும் என்று மாநிலமே பார்த்துக்கொண்டிருந்தது. மாலை ஐந்து மணிக்குக் கூடாரத்தை மூடிவிடுவார்கள்.

தர்ஷினி டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினாள். "அள்ளு மதி. நாங்க தூத்துனதெல்லாம் காத்துல போச்சு. நீ தூத்துனா நேரா போய் விழும்."

மதிவதனி மண்ணைப் பார்த்தாள். கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"முடியலடி. கூடப்பொறந்தவ சாபம் பலிக்கும்னு ஊரே நம்புது. நானும் நம்பித் தொலைக்கிறேனே, என்ன பண்ண?"

தர்ஷினி டப்பாவைப் படாரென்று மூடினாள். "அப்ப எங்க சாபம் மட்டும் பலிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்து போனாள். கேள்வியில் ஒரு தப்பும் இல்லை என்று மதிவதனிக்கே தெரிந்தது.

ஆஃப்ரின் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "நான் கேக்கக் கூடாது. ஆனாலும் கேக்குறேன். போலீஸுக்கா பயப்படுறீங்க?"

"போலீஸா? அவங்க கிடக்காங்க."

"அப்புறம்?"

"எங்கம்மா செத்தப்ப எனக்கு ஆறு வயசு. தலை சீவிவிட்டு, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனது அவன்தான். அந்த ஆளு காசுக்கு வெலை போயிட்டான்னு நான் கையெழுத்துப் போட்டுச் சொல்லணும். சொல்லிட்டா அப்புறம் எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்ல. அதை நினைச்சாலே விரல் சில்லிட்டுப் போகுது."

ஆஃப்ரின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ரோட்டில் கார்கள் வந்து நின்றன. முன்னால் இரண்டு தொலைக்காட்சி வண்டிகள், அடுத்து புதிய ஆளுங்கட்சியின் மாவட்டச் செயலாளர், அவருக்குப் பின்னால் இளமாறன். வெள்ளை வேட்டியில் புதுக் கரை. ஆள் இளைத்திருந்தார்.

அவரும் இந்தத் தொகுதியின் வாக்காளர். மனுவை எதிர்த்தும் ஒருவர் இதே வளையத்தில் பதிவு செய்யலாம். கடைசி நேரத்தில் எம்.எல்.ஏ.வே வந்து, "என் விருப்பப்படிதான் கட்சி மாறினேன், தேர்தல் வேண்டாம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னால் தங்கச்சிக்காரி உடைந்துபோவாள், டி.வி.க்கும் நல்ல தீனி. மாவட்டச் செயலாளரின் ஏற்பாடு அது.

வரிசை தானாக விலகியது. இளமாறன் தங்கச்சியைப் பார்க்கவில்லை. நேராகப் போய் விரலை விட்டார். மனப்பாடம் செய்தது போல வாசகத்தைச் சொன்னார். "எவருடைய தூண்டுதலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில், முன்கூட்டிய தேர்தலை எதிர்க்கிறேன்."

மஞ்சள் எரிந்தது.

முதலில் ஒருத்தி சிரித்தாள். பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. திரையில் வருவதை உரக்க வாசிக்க வேண்டும் என்பது விதி. ஆஃப்ரின் எழுந்து நின்று வாசித்தாள். "வற்புறுத்தலின் கீழ் அளிக்கப்பட்டது. செல்லாது."

"மெஷின் ரிப்பேர்!" என்று கத்தினார் மாவட்டச் செயலாளர். "கேமராவை ஆஃப் பண்ணு! ரிப்பேரான மெஷினை வச்சு ஊரை ஏமாத்துறாங்க!"

"எங்களுக்கு மஞ்சள் எரிஞ்சப்ப மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு!" தர்ஷினியின் குரல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. "ஒங்க ஆளுக்கு எரிஞ்சா மட்டும் ரிப்பேரா?"

மதிவதனிக்கு அந்தச் சத்தம் எதுவும் காதில் ஏறவில்லை. இத்தனை நாளாக அவள் அண்ணனைப் பற்றி என்னவெல்லாமோ நினைத்திருந்தாள். பயந்திருப்பான் என்று மட்டும் ஒருதடவைகூட நினைக்கவில்லை. பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது.

"அண்ணே, யாருக்குப் பயப்படுற?"

"விடு மதி."

"என்னைப் பாத்துச் சொல்லு. அந்த பஸ்ல ஏன் ஏறுன?"

இளமாறன் உதட்டை அசைக்காமல், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார். "நறுமுகை ஹாஸ்டல் கேட்டுல நிக்கிற போட்டோ எனக்கு வந்துச்சு. மறுநாள் காலேஜ் கேன்டீன்ல சாப்பிடுற போட்டோ. அந்த வெள்ளிக்கிழமை பஸ்ல ஏறச் சொன்னாங்க, ஏறிட்டேன். இப்பவும் தினம் ஒண்ணு வருது. இன்னைக்குக் காலையிலகூட வந்துச்சு."

நறுமுகை அவருடைய ஒரே மகள். திருச்சியில் படிக்கிறாள். அத்தை என்றால் அவளுக்கு உயிர்.

"இதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்ட? போலீஸ்கிட்டயா?" எதிரே நின்ற வேன்களைப் பார்த்து அவர் சிரித்தார். மதிவதனி கைபேசியை எடுத்து மருமகளைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, எங்க இருக்க? ... நல்லது. நேரா வார்டன் ரூமுக்குப் போயி கதவைச் சாத்திக்க. அத்தை சொல்றேன்ல, போ. நம்ம ஊரு அக்காமாரு வருவாங்க. அவங்க வந்தாத்தான் தொறக்கணும்."

போனை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். "ஊருக்குச் சொல்லிரவா?"

மாவட்டச் செயலாளர் அவர் தோளைத் தொட்டு, "கிளம்பலாம்ணே" என்றார். இளமாறன் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "சொல்லு" என்றார்.

சொன்னாள். கேமராவுக்கு நேரே நின்று, மூச்சு விடாமல் சொன்னாள். எங்க எம்.எல்.ஏ. வெலை போகல, அவர் மகளைக் காட்டி மிரட்டி வாங்கியிருக்காங்க. எங்களை மிரட்டுன மாதிரியேதான் அவரையும் மிரட்டியிருக்காங்க. எங்க கையெழுத்து மஞ்சள்னா செல்லாதுங்கிறீங்களே, அந்த நாற்பது பேர் அன்னைக்குச் சட்டசபையில கை தூக்குனாங்களே, அந்தக் கையில இந்த வளையத்தை மாட்டிப் பாத்தீங்களா? பச்சை எரிஞ்சிருக்குமா? அந்தக் கையை வச்சு வந்த ஆட்சி மட்டும் எப்படிச் செல்லும்?

மாவட்டச் செயலாளர் கேமராவை மறிக்கப் போனார். பெண்கள் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருத்தியும் அவரைத் தொடவில்லை. அவரால் நகரவும் முடியவில்லை.

தகடு துடைக்கிற பெண்களுக்கென்று ஒரு வேன் உண்டு. தர்ஷினி அதற்குள் அதில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவளோடு பத்துப் பன்னிரண்டு பேர், தகடு துடைக்கிற நீளக் கம்புகளோடு. "திருச்சிக்குப் போயி எங்க பிள்ளையைக் கூட்டிட்டு வர்றோம். எவன் தடுக்கிறான்னு பாக்குறோம்" என்று அவள் ஜன்னல் வழியாகக் கத்தினாள். பின்னாலேயே தொலைக்காட்சி வண்டி ஒன்றும் கிளம்பியது. இன்ஸ்பெக்டர் வேனை நிறுத்தக் கையைத் தூக்கினார். நேரலையில் தன் முகமும் ஓடுகிறது என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தூக்கிய கையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

மணி ஐந்தாகச் சற்று நேரம்தான் இருந்தது. மதிவதனி வளையத்தின் முன்னால் வந்து நின்றாள். மண்ணும் இல்லை, சாபமும் இல்லை. உடம்பெல்லாம் கொதித்தது. ஆறு வயதில் தனக்குத் தலை சீவிவிட்ட ஒரு மனுஷனை இந்தக் கோலத்தில் தலைகுனிந்து நிற்க வைத்துவிட்டார்களே என்ற ஆத்திரம். அவனைப் போய் இத்தனை நாள் சந்தேகப்பட்டோமே என்ற ஆத்திரம் தன்மேல் வேறு. விரலை விட்டாள். வாசகத்தை ஒவ்வொரு சொல்லாக, ஊருக்கே பாடம் எடுப்பதுபோலச் சொன்னாள்.

பச்சை எரிந்தது. கூடாரம் இடிந்துவிடும்போல் சத்தம். கிழவர் ஒருவர் துண்டைச் சுழற்றி ஆடினார். ஆஃப்ரின் விதிப்படி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், அவளால் ஆகவில்லை.

இளமாறன் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார். சத்தம் அடங்கியதும் மேஜைக்குப் பக்கத்தில் வந்தார்.

"மேடம், ஆதரிக்க ரெண்டு, எதிர்க்க ரெண்டுன்னு தனித்தனியா வாய்ப்பு உண்டா?"

"இல்ல சார். ஒரு ஆளுக்கு மொத்தமே ரெண்டுதான்."

"எனக்கு ஒண்ணு போச்சு. அது செல்லாதுன்னும் நீங்களே வாசிச்சீங்க."

"ஆமா சார்."

"அப்ப மிச்சம் இருக்கிற ஒண்ணை எந்தப் பக்கம் வேணும்னாலும் வைக்கலாம்ல?"

ஆஃப்ரின் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். விதிப்புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தாள். "வைக்கலாம் சார். ஆனா இது உங்க பதவியையும் சேர்த்துப் பறிக்கச் சொல்ற மனு."

"தெரியும்மா. படிச்சுட்டுத்தான் வந்தேன்."

வரிசையில் இன்னும் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். ஐந்து மணிக்குள் வரிசைக்கு வந்துவிட்டவர்களுக்கு உரிமை உண்டு. "முன்னாடி வாங்கண்ணே" என்று நாலுபேர் வழிவிட்டார்கள். "நீங்க போடுங்க, நான் வரிசையில வர்றேன்" என்று சொல்லிவிட்டு, இளமாறன் கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசி ஆளாகப் போய் நின்றார். எதிரே நின்ற போலீஸ்காரர் பழக்கதோஷத்தில் கைபேசியைத் தூக்கிவிட்டு, யார் என்று பார்த்ததும் தயங்கினார்.

"கையை இறக்காதீங்க தம்பி" என்றார் இளமாறன். "நல்லா எடுங்க. முகம் தெளிவா விழணும்."